கட்டைவிரல்

அம்மாவை வலப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அதைக் கேட்டாள்.

"நூமான், மியூசியம் வரைக்கும் போயிட்டு வர்றியா?"

நூமான் விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றான். மறுமுனையைப் பிடித்திருந்த அக்கா ஸக்கியா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றைய பொழுதைத் தாண்டினால் பெரிது என்று காலையில் வந்த டாக்டர் இருவரிடமும் வாசலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் படுக்கையில் விழும்வரை, ஒரு வருஷமாக வியாழக்கிழமைதோறும் சூஸ் நகரத்து மேட்டிலிருக்கும் மியூசியத்துக்கு அம்மாவை அவன்தான் காரில் கொண்டுபோய் விட்டான். அங்கே ஒரு டீச்சர் பத்துப் பெண்களுக்கு வகுப்பு எடுத்தாள். ஆளுக்கொரு பழைய படைப்பைத் தேர்ந்தெடுத்து, அதன்முன் உட்கார்ந்து வரைய வேண்டும். பிறகு, கண்டதை எழுத வேண்டும். அம்மா எடுத்துக்கொண்டது வண்ணக் கற்கள் பதித்த ஒரு சித்திரம். படகில் இரண்டு மீனவர்கள். வகுப்பு முடியும்வரை நூமான் காரில் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பான். ஒருநாளும் உள்ளே போனதில்லை.

"முன்னாடி நிக்கிறவனோட இடது கை," என்றாள் அம்மா. மூச்சு வாங்கியது. "கட்டைவிரல் கயித்துக்கு மேல இருக்கா, கீழ இருக்கா, பாத்துட்டு வா. மேல இருந்தா வலைய இழுக்கிறான். கீழ இருந்தா விடறான். டீச்சர் இழுக்கிறான்கறா. அவ மீனைக் கடையில பாத்தவ."

"போட்டோ எடுத்துட்டு வரேம்மா."

"வேணாம். வரைஞ்சு கொண்டா. வரையாம நீ எதையும் பாக்க மாட்ட."

"எனக்கு வரையத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரிஞ்சுதா?"

அவளுடைய நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை ஸக்கியா கதவருகே மறித்தாள். "உனக்கு மூளை இருக்கா? இந்த நேரத்துல படம் பாக்கப் போறியா?"

"வேற ஒண்ணும் கேக்க மாட்டேங்கறாளேக்கா. தண்ணிகூட வேணாங்கறா."

அவள் வழிவிட்டாள். "சீக்கிரம் வா."

மியூசியக் காவலர் போனின் சத்தத்தை அணைக்கச் சொன்னார். சித்திரம் சுவரில் அவன் உயரத்துக்கு இருந்தது. போனதும் கையைத்தான் தேடினான். கட்டைவிரல் கயிற்றுக்கு மேலே இருந்தது. ஒரு நிமிஷத்தில் முடிந்துபோன வேலை. ஆனாலும் அம்மா சொன்னதற்காக உட்கார்ந்து வரையத் தொடங்கினான். மீனவனின் கால்விரல்கள் பலகையைக் கவ்வியிருந்ததை அப்போதுதான் கண்டான். தோளில் ஒரு சிவப்புக் கல். அது வெயில்பட்ட இடம். அடுத்தவனின் முகத்தில் கற்கள் உதிர்ந்து வெறும் சுண்ணாம்பு தெரிந்தது. ஆனால் கழுத்தின் திருப்பத்திலேயே அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது தெரிந்தது. மூன்று மாதமாக அவன் மனதை அழுத்திக்கொண்டிருந்த எதுவும் அந்தக் கொஞ்ச நேரம் நினைவில் இல்லை. அம்மாகூட.

வரைந்து முடித்துப் பக்கத்தைப் புரட்டினான். அம்மாவின் கோணல் எழுத்து.

'இவன் வலையை விடுகிறான். இது காலை நேரம். கரையில் இவன் பெண்டாட்டி இப்போதுதான் அடுப்பு மூட்டியிருப்பாள். இன்னும் எதுவும் நடக்கவில்லை.'

அப்பா ஒரு விடியற்காலையில் வலையோடு போனவர். திரும்பவில்லை. நூமானுக்கு அப்போது ஆறு வயது.

அவன் எழுந்து சித்திரத்தின் அருகே போய்ப் பார்த்தான். திரும்ப உட்கார்ந்து இன்னொரு முறை வரைந்தான். இடதுபக்கம் நகர்ந்து மூன்றாவது முறையும் வரைந்தான். விரல் மேலேதான் இருந்தது.

காருக்கு வந்தபோது போனில் ஏழு அழைப்புகள். எல்லாம் ஸக்கியாவிடமிருந்து.

வீட்டில் பக்கத்து வீட்டுத் துராயா மாமி தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தாடையை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். ஸக்கியா அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"காதுல கலிமா சொல்லிட்டிருந்தேன். நடுவுல 'வந்துட்டானா'ன்னு கேட்டா. வந்துட்டான், வாசல்ல செருப்பு கழட்டறான்னு சொன்னேன். 'விரல் எங்கயாம்'னா. எனக்கென்ன தெரியும்? கீழன்னு சொல்லிட்டேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"'ம்'னா. அப்புறம் ஒண்ணும் சொல்லல."

மறுநாள் காலை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். நூமான் முன்பக்கம் தோள் கொடுத்தான். அம்மா இவ்வளவு லேசாகிவிட்டிருந்தது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று மாலை அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து தட்டுத்தட்டாகக் கோதுமை ரவைக் குஸ்குஸ் வந்தது. ஸக்கியா எல்லோருக்கும் பரிமாறினாள். தம்பி தட்டிலும் கறித்துண்டு வைத்தாள்.

மூன்றாம் நாள் மாலை, துக்கத்துக்கு வந்தவர்கள் போனபிறகு, தெருவில் போட்டிருந்த வாடகை நாற்காலிகளை நூமான் அடுக்கத் தொடங்கினான். எடுத்துப்போக வந்த வேன் எஞ்சின் ஓடியபடி நின்றது. பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு ஸக்கியா வெளியே வந்தாள்.

"நெஜமா எங்க இருந்துச்சு?"

அவன் கையிலிருந்த நாற்காலியை அடுக்கின்மேல் வைத்தான்.

"கீழதான்க்கா."

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல."

அவள் அங்கிருந்த கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்தபடி இருந்தாள். நூமான் அடுக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். வேன்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கையை நீட்டி எஞ்சினை அணைத்தார்.