மாரீஸ்வரன் பேரில் ஒரு கிட்டார்

புதுச் சாமானைப் பழசாக்குவதுதான் என் பிழைப்பு. கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி கொல்லங்கோட்டுப் பக்கம் வந்தால் ரோட்டோரம் என் மரக்கடை இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து புதுக் கதவு, புது அலமாரி, புது ஊஞ்சல் பலகை எல்லாம் வந்து இறங்கும். நான் அவற்றைச் சங்கிலியால் அடித்து, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, சாயம் ஏற்றி, நூறு வயது கூட்டி மலைக்கு அனுப்புவேன். சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் ரிசார்ட் வைத்திருக்கிறவர்களுக்குப் புதுசு என்றாலே ஆகாது. வாங்குகிறவனுக்கும் அது புதுசு என்று தெரியும், விற்கிற எனக்கும் தெரியும். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று பல வருடம் நெஞ்சை நிமிர்த்திக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு சூரியநெல்லி ரிசார்ட் ஒன்றின் மேனேஜர் ஜினோ போன் செய்தார்.

"சஜ்ஜாத் பாய், லாபியில வைக்க ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் வேணும். சும்மா பழசா இருந்தா போரா, போதாது. ஒரு கதையும் வேணும். கெஸ்ட் கேட்டா சொல்லணுமில்லே?"

பழைய கிட்டாருக்கு எங்கே போவது? கோயம்புத்தூரில் ஒரு புதுக் கிட்டாரை வாங்கி வந்தேன். கறுப்பும் ஆரஞ்சும் கலந்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது. என் மனைவி ரஜீனா ஆசையாகத் தடவிப் பார்த்தாள். நான் பிளேடை எடுத்ததும் அலறிவிட்டாள்.

"ஏனுங்க, இத்தன சோக்கா இருக்கறத எதுக்குங்க கெடுக்கறீங்க?"

"சோக்கா இருக்கறதாலதான் கெடுக்கறேன். நீ போயி டீத்தூளை நல்லாக் கொதிக்க வை."

கதவு வேறு, கிட்டார் வேறு. கதவை ஊரே திறக்கும், எங்கே வேண்டுமானாலும் தேயும். கிட்டார் ஒரே ஆளின் உடம்போடு உரசி உரசித் தேய்கிற பொருள். போனில் வீடியோ போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். திருகாணிகளைக் கழற்றி, வினிகர் ஊற்றிய வாளிக்குள் தொங்கவிட்டு மூடினேன். இரண்டு நாளில் துரு பூத்தது. விரல் ஓடுகிற வெள்ளை மரத்துக்கு டீச்சாயம். முதுகில் பெல்ட் பக்கிள் உரசிய மாதிரி கீறல். விளிம்புகளில் சாவிக்கொத்தால் நாலு அடி.

முக்கியமானது கை உரசுகிற இடம். கிட்டாரை மடியில் வைத்தால் மீட்டுகிறவனின் முன்னங்கை மேல் விளிம்பில் கிடக்கும். வியர்வையும் உரசலும் பட்டு அங்கேதான் முதலில் பெயிண்ட் போகும், மரம் தெரியும். இந்தக் காலத்துப் பெயிண்ட் கல் மாதிரி. பிளேடால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கடைசியில் கரி கலந்த தேங்காய் எண்ணெயைத் தடவி, அந்த ஒரு விளிம்புக்கே முழு நாள் போனது. முடிந்ததும் என் முன்னங்கையை அதில் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தியது. எனக்கு ஒரு பாட்டுக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கர்வமாக இருந்தது, மறைப்பானேன்.

பிறகு கதை. அதற்கு ஒரு பேர் வேண்டும். மாரீஸ்வரன் என்று எழுதி ஜினோவுக்கு அனுப்பினேன். யோசிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் உடம்பெல்லாம் கூசுகிறது.

மாரீஸ்வரன் நிஜமாகவே இருந்தவன். கதவு வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் ஒரு கானமேளா ட்ரூப்பில் சவுண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா, சர்ச் பெருநாள், கல்யாணம் என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ப் பாடுகிற ட்ரூப். அதில் கிட்டார் வாசிக்கச் சூரியநெல்லியிலிருந்து வந்து சேர்ந்தான். அப்பா இல்லை, அம்மா எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவர். கச்சேரி இல்லாத நாட்களில் எங்கள் வீட்டில்தான் கிடப்பான். நோன்பு பிடிக்கிற எங்களைவிட நோன்புக் கஞ்சிக்கு அவன்தான் அதிகம் காத்திருப்பான். என் உம்மா முதல் கிண்ணத்தை அவனுக்குத்தான் கொடுப்பார்.

காந்தலூரில் ஒரு திருவிழாக் கச்சேரி முடித்துத் திரும்பும்போது ஜீப் உருண்டது. அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், நான் போகவில்லை. மற்றவர்கள் கை கால் உடைந்து பிழைத்தார்கள். அவன் ஒருவன் போய்விட்டான். அடக்கத்துக்கும் நான் போகவில்லை. அதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது, வேறு ஊரில் ஒரு கல்யாண வேலையை ஒப்புக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தேன். ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

அவன் கிட்டாரும் அந்த விபத்தில் காணாமல் போனது. உதவிக்கு வந்த கூட்டத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதாகப் பேச்சு. அது எனக்கு வசதியாகப் போயிற்று. 'சூரியநெல்லி எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்த மாரீஸ்வரன் சாகும்வரை வாசித்த கிட்டார், காணாமல் போய் இப்போது கிடைத்திருக்கிறது' என்று எழுதினேன். செத்தவன் வந்து கேட்கவா போகிறான் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், பூசி மெழுகிச் சொல்ல வழியில்லை. ஜினோ பதிலுக்கு ஏழெட்டு இதயப் படம் அனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து ஒரு போன் வந்தது.

"அண்ணே, நான் இந்து பேசுறேன். மாரீஸ்வரன் தங்கச்சி."

கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தேன்.

"இங்க ரிசார்ட்ல ஹவுஸ் கீப்பிங்ல இருக்கேன். லாபியில அண்ணன் பேரு போட்டு கிட்டாரு வச்சிருக்காக. ஜினோ சார்ட்ட கேட்டேன், உங்க நம்பரு குடுத்தாக."

"சொல்லு கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அம்மாகிட்ட யாரோ சொல்லிட்டாக. பாக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிது. ஞாயித்துக்கெழம கூட்டியாறேன். நீங்களும் வந்துருங்கண்ணே. எங்க கெடச்சது, எப்பிடிக் கெடச்சதுன்னு உங்க வாயாலயே அம்மாகிட்ட சொல்லிருங்க."

குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னிரவு மூன்று மணிக்கே பஸ் ஏறினேன். உடுமலை வரை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். மறையூர் ஏறியதும் மனசு மாறியது. ஒன்பது வருடம் காத்திருந்த தாய்க்கு ஒரு மரத்துண்டு கிடைத்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு நஷ்டம்? மூணாறு வருவதற்குள் அதை ஒரு புண்ணிய காரியமாகவே ஆக்கிவிட்டேன். புதுசைப் பழசாக்கத் தெரிந்தவனுக்கு இதுவா கஷ்டம்!

லாபியில் ஜினோ எனக்காகவே காத்திருந்தவர்போல ஓடி வந்தார். கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஐந்தாறு விருந்தாளிகள் காபிக் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பாய், ஒரு சர்ப்ரைஸ்! கிட்டார அந்த அம்மைக்கே கொடுக்கப் போறோம். ஓனர் சம்மதிச்சாச்சு. நீங்க கதை மட்டும் சொல்லுங்க, அது போதும்."

சோபாவின் நுனியில் மாரீஸ்வரனின் அம்மா மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தார். சேலைக்கு மேல் ஸ்வெட்டர். மடியில் பழைய கம்பளியை வெட்டித் தைத்த நீளமான உறை ஒன்று. கிட்டார் நீளத்துக்கு அளந்து தைத்ததுபோல இருந்தது. ஜினோ பரிசாகக் கொடுக்கப்போவது அவருக்குத் தெரியாது. கேட்டு வாங்கிப் போய்விடலாம் என்ற தைரியத்தில் தைத்து எடுத்து வந்திருக்கிறார். பின்னால் இந்து யூனிபார்மில் நின்றாள். என்னைப் பார்த்தாள், வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வாய்யா. எம்புள்ளையோட வேல பாத்தவராம்ல. சவுண்டுக்கார பாயின்னு சொல்லுவான். உங்க வீட்டுக் கஞ்சியப் பத்திப் பேசாம தூங்க மாட்டான்."

அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஜினோ ஸ்டாண்டிலிருந்து கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தார். அம்மா அதைத் தடவினார். அவசரமே இல்லாமல், கம்பிகளை, குமிழ்களை, முதுகை எல்லாம் தடவினார். மேல் விளிம்பில் நான் ஒரு நாள் முழுக்கத் தேய்த்த இடத்தில் கை நின்றது.

"இத யாருய்யா வாசிச்சது?"

"உங்க பையன்தானுங்கம்மா."

"அது சரி. அவனுக்குப் பெறகு?"

எனக்குப் புரியவில்லை. அவர் கிட்டாரை மெல்லத் தூக்கி, கழுத்துப் பகுதி மறுபக்கம் போகும்படி திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். நான் தேய்த்த விளிம்பு அடியில் போய்ச் சேலைக்குள் புதைந்தது. பளபளவென்று இருந்த விளிம்பு மேலே வந்தது. அதன்மேல் தன் இடது முன்னங்கையைப் போட்டார்.

"எம்புள்ள இடது கைக்காரன்ல. கிட்டாரத் தலைகீழாத்தான புடிப்பான். கை இந்தப் பக்கம் கெடக்கும். நாந்தான் வேர்வையத் தொடச்சு விடுவேன். இந்த எடம் வெள்ள வெளேர்னு தேஞ்சு கெடந்துச்சு. இப்ப மொழுக்குனு இருக்கே."

மாரீஸ்வரன் இடது கைக்காரன். இரண்டு வருடம் ஒவ்வொரு மேடையிலும் அவன் கிட்டாருக்கு வயர் செருகியவன் நான். அவன் தலைகீழாகப் பிடிப்பதால் வயர் வாய் மேலே வந்துவிடும், ஆடும்போது கழன்றுவிடும் என்று டேப் ஒட்டிக் கொடுத்தவனும் நான்தான். ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. அவன் பேர் விற்பனைக்கு ஆகும் என்பது மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தச் சோபாவுக்கு முன்னால் எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அம்மா பேசிக்கொண்டே போனார்.

"வச்சிருந்தவன் பெயிண்ட் அடிச்சுட்டான் போல. எம்புள்ள கை பட்டத மூடிட்டு, பெறகு அவனே இத்தன வருசம் வாசிச்சிருக்கான். பாருங்க, எம்புட்டுத் தேஞ்சிருக்கு. நல்லா வாசிக்கிற கைதான். அவம்மேல எனக்குக் கோவமில்லய்யா. எம்புள்ள கிட்டாரு சும்மா கெடக்கலைல்ல. அந்தாள ஒருநா கூட்டியாங்க. ஒருக்கா வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டா எனக்குப் போதும்."

ஜினோவின் போன் என் முகத்துக்கு நேரே வந்தது. இந்து அசையாமல் நின்றாள். ஒரு ஆளைச் சொல்லிவிட்டால் முடிந்தது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு டிரைவர், இப்போது வெளிநாடு போய்விட்டார் என்று சொன்னால் போதும். வார்த்தை உதடு வரை வந்தது.

"அது நாந்தானுங்கம்மா."

"நீங்களா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "வாசிப்பீகளா?"

"வாசிக்கத் தெரியாதுங்க. உப்புத்தாள் போட்டுத் தேச்சனுங்க. கடையில வாங்குன புதுக் கிட்டாருங்க இது. உங்க பையனோடது இல்லீங்க. அவன் பேர நாந்தான் வெச்சு வித்தனுங்க."

"அய்யோ பாய்!" என்று ஜினோ போனை இறக்கினார். பிறகு சட்டென்று விருந்தாளிகள் பக்கம் திரும்பி, சாப்பாடு தயார் என்றார். மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. அவர்கள் எழுந்து போனார்கள். என்ன நடந்தது என்று அவர்களுக்குப் புரிந்ததா தெரியவில்லை.

மூக்கம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மண்ணை வாரித் தூற்றியிருந்தால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"அப்ப எம்புள்ளையோடது இன்னும் எங்கயோ இருக்கு" என்றார்.

"இருக்கலாமுங்க."

"பெயிண்ட் அடிக்கல."

"இல்லீங்கம்மா."

"அவன் தேச்சது அப்பிடியே இருக்கும்."

அவருக்கு மூச்சு இளகியது. அடுத்த வீட்டுக் குழந்தையை இறக்கிவிடுவதுபோல, அடிபடாமல், கிட்டாரைப் பக்கத்தில் வைத்தார். கம்பளி உறையை மடித்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டார்.

"நீங்க பழைய சாமான் பாக்குற ஆளுதானய்யா? நாலு எடம் போவீக வருவீக. கண்ணுல பட்டா கொண்டாந்து குடுங்க. அடையாளம் சொல்லுதேன், கேட்டுக்கங்க."

சொன்னார். இந்தப் பக்க விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு மரம் தெரியும். குமிழ் பக்கத்தில் கொசுவத்திச் சுருள் பட்டுக் கருகின வட்டம், சுண்டுவிரல் நகம் அளவு. முதுகில் இந்து சின்னப் பிள்ளையில் ஊக்கால் கீறின பூ ஒன்று, நாலு இதழ்தான் முடித்திருப்பாள், அதற்குள் அண்ணன் பிடுங்கிக்கொண்டான். ஒவ்வொன்றுக்கும் நான் தலையாட்டினேன். இரண்டு தடவை சொல்லச் சொன்னேன். என் முழுக் கவனத்தையும் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார்.

கேட் வரை இந்து கூடவே வந்தாள்.

"அது அண்ணனோடது இல்லன்னு மொத நாளே தெரியும்ணே. அம்மாகிட்ட நான் சொன்னா நம்பாது. அதான் உங்களக் கூப்புட்டேன்."

"என்னை மன்னிச்சிரு கண்ணு."

அவள் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள்.

"அம்மா சொன்ன அடையாளத்தையெல்லாம் நல்லாக் கேட்டுக்கிட்டீகளா?"

"கேட்டுக்கிட்டேன்."

"அத வச்சு இன்னொண்ணு செஞ்சு கொண்டாந்துராதீக."

சீச்சீ, நான் அப்படிச் செய்வேனா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல வரவில்லை. அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லும்போதே, அந்த ஒரு சாணைத் தேய்க்க எத்தனை மணி நேரம் ஆகும், நகம் அளவு வட்டத்துக்கு எந்த ஆணியைக் காய்ச்ச வேண்டும், சின்னப் பிள்ளையின் கை நடுக்கம் வர ஊக்கை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று என் மனசு யோசித்து முடித்திருந்தது. இந்து அதை என் முகத்தில் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறாள்.