கடைசிக் கணினி இருந்த நாடு

"ஆதாரத்தைக் காட்டுங்க சார். அப்புறம் கையெழுத்துப் போடுறேன்."

காபி உறிஞ்சும் சத்தம் சட்டென்று நின்றது. நாட்டின் இணையப் பாதுகாப்பு அலுவலகத்துச் சட்டப்பிரிவில் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்: தொழில்நுட்ப அறிக்கை வந்தால் பொருந்துகிற சட்டத்தை எழுது, ஆதாரம் மட்டும் கேட்காதே. கேட்டவர்கள் அந்த மாடியில் நிலைத்ததில்லை.

இயக்குநர் சிரித்தார். "பம்ப் ஹவுஸ் கம்ப்யூட்டர் மொத்தத்தையும் பூட்டிட்டான். ஊருக்கே தண்ணி இல்ல. அடுத்து கரண்டுன்னு மிரட்டுறான். உனக்கு இன்னும் ஆதாரம் வேணுமா?"

தண்ணீர் இல்லாதது அவளுக்குத் தெரியாதா? காலையில் பக்கெட்டோடு நாலு மாடி ஏறி வந்த அம்மா, "வக்கீலம்மா, உன் சட்டப் புத்தகத்தைப் பிழிஞ்சா ஒரு சொம்பாவது தேறுமா?" என்று கேட்டிருந்தாள். அந்தப் படுபாவிகள் கையில் சிக்கினால் நாலு அறை விட அவளுக்கும் கை துறுதுறுத்தது. ஆனால் மேசையில் கிடந்த உத்தரவு, பக்கத்து நாட்டிலுள்ள ஒரு கணினியை இன்று மாலைக்குள் முடக்கச் சொன்னது. அந்த நாட்டு அரசே தாக்கியது, இது சர்வதேசச் சட்டம் அனுமதிக்கும் பதிலடி என்று சான்று தரவேண்டியவள் அவள்.

"அந்த அரசாங்கம்தான் செஞ்சதுன்னு யார் சொன்னது?"

"அங்கேருந்துதான வந்திருக்கு! வேற என்ன வேணும்?"

அவள் மேசையின் கோடிக்குத் திரும்பினாள். தாக்குதலின் தடத்தைப் பின்தொடர்ந்தவர் அங்கே இருந்தார். எந்நேரமும் திரையையே வெறிப்பதால் அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் ஆந்தை.

"நீங்க சொல்லுங்கக்கா. செஞ்சது யாரு?"

"தெரியாது" என்றார் ஆந்தை.

"என்னம்மா தெரியாது?" இயக்குநர் எகிறினார். "அறிக்கை நீங்க குடுத்ததுதானே?"

"தாக்குதல் வந்த வழியில கடைசி கம்ப்யூட்டர் எந்த நாட்டுல இருக்குன்னு குடுத்தேன் சார். அதை ஓட்டினது யாருன்னு குடுக்கல. அது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியோடது. திருடன் நம்ம வீட்டுக்குள்ள குதிக்க அவங்க மொட்டை மாடியில ஏறியிருக்கான். மாடியை இடிச்சா அவனுக்கு என்ன நஷ்டம்?"

"உங்க பிரமோஷன் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"பத்திரமா இருக்கட்டும் சார்."

அவள் ஆந்தையையே பார்த்தாள். கல்லூரியில் எத்தனையோ மேதைகள் மணிக்கணக்கில் முழங்கக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் ஒரு நாட்டின் பெயருக்காக வாயைப் பிளந்து நிற்கும் அறையில், தெரியாததைத் தெரியாது என்று குரல் நடுங்காமல் சொன்ன ஒருவரை இன்றுதான் பார்க்கிறாள். அதுவும் தானே மாய்ந்து மாய்ந்து தேடிய பிறகு!

"அப்ப கையைக் கட்டிட்டு நிக்கச் சொல்றியா?" இயக்குநர் அவள் பக்கம் பாய்ந்தார்.

"அவங்க நாட்டு அவசரத் தொடர்பு அதிகாரிகிட்ட சொல்லுவோம். உங்க ஆஸ்பத்திரிக்குள்ள எவனோ பூந்திருக்கான், வெளியேத்துங்கன்னு. தெரிஞ்சும் தடுக்கலன்னா அது அவங்க தப்பு. அப்ப கூப்பிடுங்க, பதிலடி பத்தி வந்து பேசுறேன்."

"அந்த நாட்டுக்குப் பேசுற போனைத் தொட என் அனுமதி வேணும்."

"வேண்டாம் சார். நம்ம பக்கத்துத் தொடர்பு அதிகாரி நான்தான். யாரும் சீந்தாத வேலைன்னு நீங்களே என் தலையில கட்டினீங்க."

"இப்ப வெளிய போனா, திரும்ப இந்த மாடிக்கு வர முடியாது."

"சரி சார்."

கையெழுத்திடாத உத்தரவை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தாள். தொலைபேசி அறை கீழ்த்தளத்தில் இருந்தது. லிஃப்டுக்காக நிற்கப் பொறுமையில்லை, படிகளில் இறங்கினாள்.