பட்டப்பெயர்க் கட்டுரை

பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ் டீச்சர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி முடித்ததை அந்தப் பள்ளியில் யாரும் பார்த்ததில்லை. இந்த விஷயம் டீச்சருக்கு மட்டும் தெரியாது. பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறார், நன்றாகவே நடத்துகிறார். ஆனால் ஒரு செய்யுளின் முதல் அடிக்கும் இரண்டாம் அடிக்கும் நடுவில் தன் வீட்டு ஃப்ரிட்ஜ், அதைப் பழுதுபார்க்க வந்தவர், அவருடைய மச்சினன் வைத்திருக்கும் கடை, அந்தக் கடையில் மலிவாகக் கிடைக்கும் குடை என்று ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். வருவதற்குள் மணி அடித்துவிடும்.

அந்த வருடம் பாடத்திட்டத்தில் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்திருந்தார்கள். மொழியும் இலக்கியமும் மனிதருக்கு எப்படி அடையாளம் தருகின்றன, எப்படி ஆளை மாற்றுகின்றன என்பது தலைப்பு. புத்தகத்தில் அதற்கு ஆறு பக்கம். மதிய உணவுக்குப் பின் படித்தால் இரண்டாம் பக்கத்தைத் தாண்ட எவராலும் முடியாது. டீச்சர் புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

"பாட்டு எழுதினவர் பேரே தெரியாம, அவர் பாட்டுல வந்த ஒரு வரியையே பேரா வச்ச புலவருங்க நம்ம பழைய இலக்கியத்துல இருக்காங்க, அப்படின்னா பாருங்க, ஒரு சொல்லு ஒரு ஆளையே முழுங்கிடுது, இப்போ எங்க சித்தப்பா ஒருத்தரை வீட்டுல எல்லாரும் உதவாக்கரை, உதவாக்கரைன்னே கூப்பிடுவாங்க, அவரு ஒருநாள் ஏணியை எடுத்துச் சுவத்துல சாத்தி..."

சித்தப்பா ஏணியில் ஏறினார். இறங்குவதற்குள் மணி அடித்தது.

"கட்டுரை!" என்று டீச்சர் வாசலில் நின்று கத்தினார். "ஒரு பட்டப்பெயரை எடுத்துக்கோங்க, அது ஒருத்தரை என்ன பண்ணிச்சுன்னு எழுதுங்க, நாலு பக்கம், திங்கக்கிழமை!"

திங்கட்கிழமை முப்பத்தொரு கட்டுரைகள் வந்தன. 'டவர்' என்று அழைக்கப்படும் நெட்டைப் பையன், பஸ்ஸில் குனிந்து குனிந்து தனக்கே கூன் விழுந்துவிடும் போலிருக்கிறது என்று தன் பெயரைப் பற்றியே எழுதியிருந்தான். பத்துப் பேர் ஒரே அண்ணனின் பட்டப்பெயரைப் பற்றி எழுதியிருந்தார்கள். பத்துப் பேருக்கும் அவன் அண்ணனாக இருக்க வாய்ப்பில்லை. எல்லாவற்றிலும் சிறந்தது மூன்றாவது பெஞ்சுப் பெண் எழுதியது. அவளை வகுப்பில் 'சிலை' என்பார்கள். இரண்டு வருடமாக அவள் குரலை யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்குக்கூடக் கையைத்தான் தூக்குவாள்.

முதல் பத்தியைப் படித்ததுமே டீச்சருக்குப் பிடித்துப்போனது. வகுப்பிலேயே சத்தமாகப் படித்துக் காட்டத் தொடங்கினார்.

"'எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியர் இருக்கிறார். மாணவர்கள் அவருக்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முற்றுப்புள்ளிக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.'"

முன் பெஞ்சு பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது.

"'பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார். நாங்களும் கூடவே போவோம். திரும்பி வர வழி தெரியாமல் தவிக்கும்போது, பள்ளிக்கூட மணிதான் வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போகும்.'"

டவர் தலையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். ஒருத்தி கைக்குட்டையை வாயில் திணித்தாள். எழுதியவள் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரை பிளந்தால் தேவலை என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். டீச்சர் தனியாகத் திருத்துவார் என்று நம்பித்தான் அவள் எழுதியிருந்தாள். வகுப்புத் தலைவி பொறுக்கமுடியாமல் எழுந்தாள்.

"டீச்சர், போதும் டீச்சர். மிச்சத்தை நாங்களே வீட்டுல படிச்சுக்கறோம்."

"ஏம்மா, எவ்வளவு நல்லா எழுதியிருக்கா, கேளு, பாவம் அந்த மனுஷன், யாருன்னு எனக்குத் தெரியும், ஆனா நான் சொல்லமாட்டேன்..."

'அந்த மனுஷன்' என்றதும் பின் பெஞ்சில் ஒருவன் சரிந்து கீழேயே விழுந்துவிட்டான். 'அவர்' என்ற சொல்லில் ஆணும் அடங்கும், பெண்ணும் அடங்கும் என்பதை ஆறாம் வகுப்புக்கு வருடம் தவறாமல் நடத்தியவர் டீச்சர். ஆனாலும் அந்த நிமிடம் அவர் கண்முன் நின்றது வேதியியல் சார்தான். அமிலத்தையும் காரத்தையும் சேர்க்கும் நேரத்தில் தன் ஸ்கூட்டர் கதையைச் சொல்பவர் அவர். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்துச் சிரித்து மூன்று பக்கம் படித்தார். நான்காம் பக்கத்தைத் திருப்பும்போது மணி அடித்தது. இருபதுக்குப் பத்தொன்பது போட்டு, 'கூர்மையான பார்வை!' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு எழுந்தார்.

ஆசிரியர் அறையில் வேதியியல் சார் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க, பசங்க உங்களுக்கு ஒரு பேரு வச்சிருக்காங்க, நான் சொல்லக் கூடாது, சொல்லாம இருக்கவும் முடியல, அது என்னன்னா..."

"குடுவை," என்றார் சார்.

"என்னது?"

"குடுவை. வயித்தைப் பாத்து வச்சது. பன்னெண்டு வருஷமாத் தெரியும். பேரு பொருத்தமாத்தான் இருக்கு."

"அப்போ காற்புள்ளி யாரு?"

கணக்கு டீச்சர் அவசரமாக ஒரு நோட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். நோட்டு தலைகீழாக இருந்தது. விளையாட்டு ஆசிரியர் ஜன்னலுக்கு வெளியே எதையோ தேடினார். வேதியியல் சார் திறந்த டப்பாவை மறுபடி மூடினார்.

"டீச்சர்," என்றார் மெதுவாக, "இன்னைக்கு வெயில் கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?"

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. முழுதாகப் புரிய இரண்டு நிமிடம் பிடித்தது. தன்னைப் பற்றித் தானே, தன் வாயால், ஏற்ற இறக்கத்தோடு மூன்று பக்கம் படித்திருக்கிறார். கூர்மையான பார்வை என்று பாராட்டு வேறு.

சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னார். கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். 'எட்டாம் எண் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது' என்பதுபோல முடிந்த வாக்கியங்களைச் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு மூக்கில் தெரிந்தது.

"உங்களுக்கும் தெரியுமா?"

"பேரு தெரியாது. சங்கதி தெரியும். கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்சே. நானும் பொறுமையாத்தான் காத்திருக்கேன்."

அதற்குப் பிறகு டீச்சர் அன்று கணவரோடு பேசவில்லை. ஒரு முடிவோடு எழுந்து, மறுநாள் அந்த முடிவோடேயே வகுப்புக்குப் போனார்.

"உட்காருங்கள்," என்றார். "புத்தகத்தை எடுங்கள். ஏழாம் பாடம்."

வகுப்பு நடுங்கிப்போனது. டீச்சர் அச்சடித்தது மாதிரிப் பேசினார். கேள்வி, பதில், அடுத்தது. நாற்பது நிமிடப் பாடம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. ஃப்ரிட்ஜ் வரவில்லை, குடை வரவில்லை, சித்தப்பா வரவில்லை. வகுப்புத் தலைவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

"டீச்சர், வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கல்ல?"

"நலம். உட்கார்."

மிச்சம் முப்பத்தொரு நிமிடம். என்ன செய்வதென்று டீச்சருக்கே தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க வைத்திருந்த கட்டுரைக் கட்டை எடுத்துப் புரட்டினார். மேலேயே அது இருந்தது. பத்தொன்பதைப் பதினைந்தாக்கலாமா என்று ஒரு கணம் கை துறுதுறுத்தது. அப்போதுதான் நான்காம் பக்கத்தைப் படிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

'காற்புள்ளி என்ற பெயரை அந்த ஆசிரியருக்கு வைத்தது யார் என்று தெரியாது. எனக்குப் பெயர் வைத்தது யார் என்று தெரியும். பதினோராம் வகுப்பில் முதல் நாள் அதே ஆசிரியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் தெரியும். எந்தச் சொல்லில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "என்னம்மா சிலை மாதிரி நிக்கிறே?" என்றார். வகுப்பு சிரித்தது. அன்றிலிருந்து நான் சிலை. முதலில் அழுதேன். பிறகு வசதியாகிவிட்டது, சிலையிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இப்போது பேச நினைத்தாலும், "சிலை பேசுது" என்று கத்துவார்களே என்று பயம். புலவர்களுக்கு அவர்கள் பாடிய வரி பெயரானது. எனக்கு இன்னொருவர் போகிறபோக்கில் சொன்ன வரி பெயரானது. காற்புள்ளி நல்ல பெயர். அதற்குப் பிறகும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். சிலைக்குப் பிறகு ஒன்றும் இல்லை.'

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். அவள் நோட்டின் ஓரத்தில் கட்டம் கட்டமாக ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். அந்த முதல் நாளை நினைவுக்குக் கொண்டுவர டீச்சர் எவ்வளவோ முயன்றார். ஒன்றும் வரவில்லை. சொன்னவருக்கு ஒரு வினாடி. கேட்டவளுக்கு இரண்டு வருடம். வேதியியல் சாரின் ஸ்கூட்டர் எண்கூட நினைவில் இருக்கிறது, இது இல்லை.

மாலையில் பள்ளி அலுவலகத்தில் எண் வாங்கி, அவள் வீட்டுக்குப் போன் செய்தார். அம்மாதான் எடுத்தார்.

"அய்யய்யோ டீச்சரா! என்ன பண்ணிட்டா? கிளாஸ்ல ஓயாம பேசறாளா? நான் அப்பவே சொன்னேன் டீச்சர், வாயைக் கொஞ்சம் கட்டுடின்னு..."

"இல்லைங்க, வாயே திறக்கமாட்டேங்கிறா."



"யாரு டீச்சர்?"

"உங்க பொண்ணுதான்."

"நம்பர் மாத்திப் போட்டுட்டீங்களோ? எங்க வீட்டுல அவளுக்கு ரேடியோன்னு பேரு. அவங்க அப்பா 'ஸ்டேஷனை மூடும்மா'ன்னு கெஞ்சினாத்தான் நிறுத்துவா. இதோ இப்பக்கூட ஓடிட்டிருக்கு, கேளுங்க."

போனுக்குள் தூரத்தில் ஒரு குரல் கேட்டது. தங்கச்சியோ யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தமும் கேட்டது. "அதாவது பாருங்க, யாப்புன்னா என்னன்னா, இப்போ எங்க வீட்டு ஃப்ரிட்ஜையே எடுத்துக்கோங்க, அதுல மேல் தட்டு கீழ் தட்டுன்னு..." டீச்சர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார். அது அவருடைய குரல். அச்சு அசல் அவருடைய குரல். பத்தொன்பது வருடத்தில் தான் பாடம் நடத்துவதைத் தானே கேட்பது அதுதான் முதல் தடவை. யாப்புக்கு அந்த ஃப்ரிட்ஜ் நல்ல உதாரணம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"டீச்சர்? இருக்கீங்களா?"

"இருக்கேங்க, ஒண்ணுமில்ல, நல்லா எழுதியிருக்கான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன், அவளைத் திட்டாதீங்க, இன்னொண்ணு, அவ பேசறதை நிறுத்தவும் சொல்லாதீங்க, ஏன்னா..." வாக்கியத்தை முடிக்காமலேயே போனை வைத்தார்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. மூன்றாவது பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"நேத்து நான் ஏதோ பழி வாங்கற மாதிரி நடந்துக்கிட்டேன், அதை விடுங்க, இது வேற விஷயம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பொண்ணு பதில் யோசிச்சுக்கிட்டு நின்னா, எனக்குப் பொறுக்கல, வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன், என் பேச்சு எப்போ முடியும்னு ஊரே காத்துக்கிட்டிருக்கு, அவ பேச்சு ஆரம்பிக்க நான் ரெண்டு வினாடி காத்திருக்கல, தப்பு என்னோடது."

வாக்கியம் முடிந்தது. அது யாருக்கும் உடனே உறைக்கவில்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள்.

"உன்னை இனிமே என்னன்னு கூப்பிடணும், சொல்லும்மா."

அவள் எழுந்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது முகத்தில் தெரிந்தது.

"பேரெல்லாம் வேண்டாம் டீச்சர்," என்றாள். குரல் கொஞ்சம் கரகரத்தது. "கேள்வி கேளுங்க."

"சிலை பே..." என்று டவர் தொடங்கினான். வகுப்புத் தலைவியின் நோட்டு அவன் தலையில் இறங்கியது. மிச்சத்தை அவன் விழுங்கிவிட்டான்.

டீச்சர் அன்றைய பாடத்தைத் திறந்தார். மழையைத் திட்டும் பெண்ணைப் பற்றிய ஒரு பாட்டு. "சரி, இந்தப் பொண்ணு மழையை ஏன் திட்டறா?"

பதில் புத்தகத்திலேயே இருந்தது: கார்காலம் வந்தும் காதலன் வரவில்லை. முதல் பெஞ்சு வாயைத் திறந்துகொண்டு தயாராக இருந்தது. அவள் யோசித்தாள். நிதானமாகவே யோசித்தாள்.

"துணி காயல டீச்சர்."

வகுப்பு கூரை அதிரச் சிரித்தது. அவள் முகம் சிவந்தது, ஆனால் உட்காரவில்லை.

"சிரிக்காதீங்க, வரியைப் பாருங்க. 'மூன்று நாள்' விடாம பெய்யுதுன்னு இருக்கு. அவன் போயி மூணு மாசம் ஆச்சுன்னு கீழே உரையில போட்டிருக்கு. மூணு மாசமாத் திட்டாதவ மூணு நாள்ல ஏன் திட்டணும்? மூணு நாள்ல பொறுமை போறது துணி விஷயத்துலதான். 'ஈரம்'னு ரெண்டு தடவை வருது. 'கொடி'ன்னு வேற வருது..."

"அது பூங்கொடிம்மா," என்றார் டீச்சர்.

"பூவே பாட்டுல இல்லையே டீச்சர்!"

டீச்சர் புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பூ இல்லை. டவர் உடனே துணிக் கட்சியில் சேர்ந்தான். முதல் பெஞ்சு காதலன் கட்சி. கண்ணீரும் ஈரம்தானே என்று ஒருத்தி கேட்க, கண்ணீரை யாராவது கொடியில் போடுவார்களா என்று இவள் திருப்பிக் கேட்டாள். டீச்சர் நடுவில் ஏதோ சொல்ல மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் இடம் கிடைக்கவில்லை.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை வேகவேகமாக வந்து வாசலில் நின்றார். "என்ன இது? பாடம் நடக்குதா, சண்டை நடக்குதா?"

மூன்றாவது பெஞ்சுப் பெண் அவர் பக்கம் திரும்பினாள்.

"மேடம், நீங்களே சொல்லுங்க. மூணு நாளா விடாம மழை. நீங்க யாரை நினைச்சுத் திட்டுவீங்க?"

தலைமையாசிரியை கண்டிக்கத்தான் வாயைத் திறந்தார். பிறகு யோசித்தார்.

"என் பசங்க யூனிஃபார்ம் ரெண்டு செட்டுதான்," என்று இழுத்தவர், "நகர்ந்து உக்காரும்மா" என்று முதல் பெஞ்சில் இடம் கேட்டு உட்கார்ந்துகொண்டார். "எங்கே, அந்த வரியைக் காட்டு."