நான் தேடியிருக்கக்கூடிய வார்த்தைகள்

சிரஞ்சீவி அண்ணன் திருப்பதியில் நெட் சென்டர் நடத்தினார். படிப்பு பற்றி அவர் தொடங்கிய இணைய ஃபோரத்தில், பள்ளியை விட்டவர்களுக்கான "மாற்றுக் கல்வி" பகுதியை யாரும் திறக்கவே இல்லை.

"நீயா இருந்தா இன்னான்னு அடிச்சித் தேடுவ, சந்தியா?" என்று அங்கே வேலை பார்த்த என்னைக் கேட்டார்.

அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனதும் ஒன்பதாவதோடு நின்றவள் நான். சொல்ல வெட்கப்பட்டு, தட்டிக் காட்டினேன்: "ஸ்கூல் நின்னுட்டேன், பத்தாவது எழுத முடியுமா".

அவர் சிரிக்கவில்லை. அதையே தலைப்பாக்கினார்.

"என் பேரு போடாதண்ணா."

"உன் பேர யாரு தேடிக்கினு வரப்போறாங்க? போடல, போ."

மறுவாரம் சத்தியவேட்டுப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: "இப்படித்தான் போட்டுத் தேடினேன். நான் மட்டும்தான்னு நெனச்சிருந்தேன்." அதன் கீழே பலமனேர் டீச்சர் ஒருவர், பள்ளிக்குப் போகாமலே ஓப்பன் ஸ்கூலில் பத்தாவது எழுதலாம் என்று வழி சொல்லியிருந்தார்.

அண்ணனை நன்றியோடு பார்த்துவிட்டுப் பதில் அடித்தேன்: "நான் சந்தியா. சேர்ந்து எழுதலாமா?"