யூதாசு நாற்காலி

இண்டூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிறிஸ்தவப் பங்கில் ஒரு வேடிக்கை உண்டு. வருடம் முழுக்கப் பிரசங்கம் முடிந்த பிறகு கோயிலுக்குள் தலைகாட்டுகிற ஆசாமிகள்கூட, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயந்திரம் மட்டும் முதல் மணிக்கே ஓடி வந்துவிடுவார்கள். பக்தி என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அன்றைக்கு, இயேசு சீடர்களுக்குக் கழுவினது போலச் சாமியார் பாதம் கழுவுவதற்காகப் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போட்டிருக்கும். தெருவுக்கு ஒரு அன்பியம் என்கிற ஜெபக்குழு, அன்பியத்துக்கு ஒரு சீடர். பிந்தி வருகிறவருக்குக் கடைசி நாற்காலிதான் மிஞ்சும், அது இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுடையது. எந்த வேதத்திலும் அப்படி இல்லை என்று வந்த சாமியார்கள் எல்லாரும் தொண்டை வறளச் சொல்லியாயிற்று. யார் கேட்டார்கள்? இன்னொரு கூத்தும் உண்டு. சாமியார் கழுவப்போகிற காலை வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள்.

இந்த வருடம் கடைசி நாற்காலியைத் தவிர்க்க அடிதடி இல்லை. ஆள் கிடைத்துவிட்டது.

வியாகுலத்தின் பெண்டாட்டி சகாயராணி ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தவள். ஒரு நாள் திரும்பி வரவில்லை. கூட வேலை பார்த்த ஒருவனோடு அங்கேயே குடித்தனம் நடத்தினாள். அந்த நேரத்தில் ஊரில் மாமியார் செத்துப்போனாள். தகவல் போயும் இவள் வரவில்லை. தப்புதான், பெரிய தப்பு. அதற்குச் சப்பைக்கட்டு கட்ட ஒன்றுமில்லை, அவளும் கட்டவில்லை. தை மாதம் அவனை விட்டுவிட்டுத் தானாகவே வந்தாள். புருஷன் வியாகுலத்தின் காலைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். சாம்பல் புதனன்று சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள்.

வியாகுலம் கதவைத் திறந்துவிட்டான், ஆனால் அவளிடம் வாயைத் திறக்கவில்லை. "சோறு ஆச்சா?" என்று சுவரைக் கேட்பான். "தண்ணி கட்டப் போறேன்" என்று மாட்டிடம் சொல்லிவிட்டுப் போவான்.

அன்பியக் கூட்டத்தில் சீடர் பெயரை எடுத்தபோது அருள்ராணிதான் ஆரம்பித்தாள். அவள் வியாகுலத்தின் அக்கா, தாயைப் பறிகொடுத்தவள்.

"இந்த வருசம் யூதாசுக்கு நம்ம தெருவுலயே ஆளு இருக்குது. வெளிய எதுக்குத் தேடணும்?"

எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த சகாயராணி எழுந்தாள்.

"சரிங்க அண்ணி. எம் பேரையே எழுதிக்குங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது.

வியாழக்கிழமை காலையில் வியாகுலம் சுவரைப் பார்த்துக் கேட்டான். "ஊரு கைகொட்டிச் சிரிக்கிறதுக்குப் போயே ஆவணுமா?"

"சுவரு போவலீங்க. நான்தான் போறேன்" என்றாள் சகாயராணி.

அன்று சாயந்திரம் கோயிலுக்கு முதலில் வந்தவள் அவள்தான். பன்னிரண்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தன. விறுவிறுவென்று எல்லாவற்றையும் தாண்டிப் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலைக் கழுவிக்கொண்டு வரவில்லை. வெடிப்பெல்லாம் செம்மண் அப்பியிருந்தது. பயமில்லாமல் இல்லை. இன்றைக்கு எழுந்து ஓடினால் பிறகு இந்த ஊரில் எங்கேயும் உட்கார முடியாது என்று அவளுக்குத் தெரியும். நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மற்ற சீடர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள். பூசை தொடங்கிப் பிரசங்கமும் முடிந்தது. ஒருவரும் உட்காரவில்லை. சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குடமும் பேசின் தட்டுமாக இறங்கி வந்தபோது, பங்குப் பேரவைச் செயலாளர் ஜோசப் ராஜ் முன்னால் வந்தார்.

"அவங்க எழுந்தாத்தான் நாங்க உட்காருவோம், ஃபாதர்."

சாமியார் சகாயராணியைப் பார்த்தார்.

"எழுந்திருக்க மாட்டேனுங்க ஃபாதர்" என்றாள் அவள். குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. "நான் பண்ணது பாவம். எம் புருசன்கிட்ட சொன்னேன், உங்ககிட்ட சொன்னேன். கடவுள் மன்னிச்சுட்டாருன்னு நீங்கதான் சொன்னீங்க. அது மெய்யா, பொய்யா? மெய்யின்னா நான் இங்கதான் உட்காருவேன். பொய்யின்னா நீங்களும் அந்தக் கொடத்தைக் கீழ வெச்சுட்டுப் போயிடுங்க. வூடு வூடாப் போயி எல்லார்கிட்டயும் மன்னிப்பு வாங்கிட்டு வர என்னால ஆவாது."

சாமியார் அவள் முன்னால் முழங்காலிட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அருள்ராணி வெடித்தாள். "ஃபாதர்! எங்கம்மா சாவுக்கு வராத காலு அது!"

சகாயராணிக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவில்லை.

"ஆமாங்க அண்ணி. அந்தக் காலுதான். அதனாலதான் கழுவக் கொண்டாந்திருக்கறேன். சுத்தமான காலா இருந்தா வூட்டுலயே இருந்திருப்பேனே!"

அருள்ராணி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாமியார் தண்ணீரை ஊற்றினார். வருடா வருடம் ஊற்றினபடியே தெளிவாகத் திரும்புகிற தண்ணீர், இந்தத் தடவைதான் பேசினில் செக்கச்செவேலென்று கலங்கி நின்றது.

யாரோ போன் போட்டிருக்க வேண்டும். வியாகுலம் தக்காளிக்குத் தண்ணீர் கட்டின கோலத்திலேயே, மடித்துக் கட்டின லுங்கியும் முழங்கால் வரை சேறுமாக உள்ளே வந்தான். நேராக அவளிடம் போய் நின்று, பேசினைப் பார்த்துப் பேசினான்.

"போதும், வூட்டுக்குப் போலாம்."

"போவ மாட்டேன்" என்றாள் சகாயராணி. "கழுவுன காலோட பாதியில எழுந்து போனது யூதாசுங்க. நான் யூதாசு இல்ல. பூசை முடிஞ்சுதான் வருவேன். உங்களுக்கு வெக்கமா இருந்தா நீங்க போங்க."

வியாகுலம் நின்றான். சுவரோரம் நின்ற சீடர்களின் சோப்புப் போட்ட கால்களைப் பார்த்தான். அழுதுகொண்டிருந்த அக்காவைப் பார்த்தான். பிறகு லுங்கியை இறக்கிவிட்டு, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் சேற்றுக் காலோடு உட்கார்ந்தான்.

சாமியார் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்து வந்தார். வியாகுலம் தலையைத் திருப்பினான். இந்தத் தடவை சுவரையும் பார்க்கவில்லை, பேசினையும் பார்க்கவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

"சேறு உம்மேல தெறிக்கும். சேலையைத் தூக்கிப் புடி."