முதுகுக்குப் பின்னால் ஓடிய படங்கள்

வெளியூர்ப் பேருந்து ஓட்டுகிறவருக்குச் சினிமா முதுகுக்குப் பின்னால்தான் ஓடும். டிவிப் பெட்டி அவர் தலைக்கு மேலே பயணிகளைப் பார்த்தபடி தொங்கும். படம் அவர்களுக்கு, சத்தம் மட்டும் இவருக்கு. அப்படிக் கேட்டே, ஊர் மெச்சிய படங்கள் எல்லாவற்றைப் பற்றியும் கறாரான அபிப்பிராயம் வைத்திருந்தார் நம் ஓட்டுநர். டிப்போவில் அவருக்கு ஒலிச்சித்திரம் என்றே பெயர்.

பேய்ப்படமா? கதவுக் கீலுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் அந்தப் படமே கிடையாது என்பார். ராஜா காலத்துச் சண்டைப் படத்தை, பாத்திரக்கடையில் மாடு புகுந்த கதை என்று முடித்துவிடுவார். விருதெல்லாம் வாங்கிய படம் ஒன்றில் பேச்சே வரவில்லை. ஒயர் பிடுங்கிக்கொண்டது என்று நினைத்துக் கண்டக்டரைத் திரும்பத் திரும்ப எழுப்பி உயிரை வாங்கினார். சிரிப்புப் படத்தில் சத்தமில்லாத இடத்தில் பயணிகள் கொல்லென்று சிரித்தால், தான் கியர் போடுவதைத்தான் நக்கல் செய்கிறார்கள் என்று முகம் சிவந்துவிடும். இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று நாமும் விட்டிருப்போம். அது மகள் கல்யாணத்தில் வந்து நின்றதுதான் வம்பு.

மகள் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவரை விரும்பினாள். "அப்பா சரின்னா எனக்கும் சரி" என்று அம்மா நைசாக நழுவிக்கொண்டாள். அப்பா அந்தப் பையனிடம் போனில் பேசிப் பார்த்தார். பஞ்சு மாதிரிக் குரல். எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் ஒரு நீண்ட மௌனம். போனை வைத்ததுமே வேண்டாம் என்றுவிட்டார்.

அவர் சொன்ன காரணத்தைக் கேட்டு மகள் தலையில் அடித்துக்கொண்டாள். எல்லோரும் கொண்டாடும் பழைய குடும்பப் படம் ஒன்றில், இதே மாதிரிப் பஞ்சுக் குரல்காரன் ஒருவன் படுக்கையில் கிடக்கும் மனைவியிடம் 'இதைக் குடி, தூக்கம் வரும்' என்பான். அப்புறம் சத்தமே இருக்காது. திடீரென்று கண்ணாடி உடையும், அவள் கதறுவாள். விஷம் வைக்கிறவன் இப்படித்தான் பேசுவான் என்பது அப்பாவின் முடிவு.

"கடைக்கு வர்றவங்க மூல வியாதி, படைன்னு சொல்லி மருந்து கேப்பாங்கப்பா. நாலு பேருக்குக் கேக்காம பேசிப் பேசியே அவருக்குப் பழகிடுச்சு" என்றாள் மகள்.

அப்பா மசியவில்லை. அந்தப் படம் அப்போது மறுபடியும் தியேட்டருக்கு வந்திருந்தது. நாம் இருவரும் அவருமாக மூன்று பேரும் போய்ப் பார்ப்போம், அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்றாள். ஒரு வாரமாகத் தூங்காத முகம். அதைப் பார்த்து அவர் ஒத்துக்கொண்டார்.

மதியக் காட்சி. படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவருக்குத் தலை கிறுகிறுத்தது. வாய்விட்டுச் சிரிக்கும் அண்ணன்காரனை அவர் இத்தனை வருஷமும் தங்கமான மனுஷன் என்று நம்பியிருந்தார். அவனோ சிரித்துக்கொண்டே தம்பியின் பீரோவைக் காலி செய்துகொண்டிருந்தான். கண்ணை மூடினால் தெரிந்த படம், திறந்தால் வேறு படம். மூடி மூடித் திறந்து பார்த்தார். குழப்பம்தான் கூடியது.

'இதைக் குடி' வந்தது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த மௌனத்தில் பஞ்சுக் குரல்காரன் மனைவியைத் தூக்கித் தோளில் சாய்த்து, கண்ணாடி டம்ளரிலிருந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினான். வழிந்ததைத் தன் சட்டைக் கையால் துடைத்தான். அவள்தான் ஆற்றாமையில் டம்ளரைத் தட்டிவிட்டுக் கதறினாள். அவன் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினான்.

"விஷம் எப்ப வெச்சான்?" என்று மகளின் காதில் கேட்டார்.

"வெக்கவே இல்லப்பா."

அப்படியானால் அந்தப் பேய்? அந்தச் சண்டை? எதைத்தான் நம்புவது? கண்ணால் பார்த்ததும் நடிப்புதானே, அதை மட்டும் எப்படி நம்புவது? வெளியே வந்ததும் பையன் மெதுவாக, படம் பிடித்திருந்ததா என்று கேட்டான். தெரியலப்பா என்றார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேறொருவர் ஓட்டினால் ஓட்டுநர் ஏற மாட்டார். தான் ஓட்டும்போது பக்கத்தில் ஆள் உட்காரவும் விடமாட்டார். அதனால் இருவரும் பின்னால் ஏறிக்கொள்ள, பையனின் காரை அவர் எடுத்தார். பாதி தூரம் வந்தும் பின்னாலிருந்து பேச்சு மூச்சே இல்லை. சண்டையா? அழுகிறாளா? காதைத் தீட்டிப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு கையை உயர்த்திப் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பினார்.

மகள் ஜன்னலில் சாய்ந்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவே பையன் தன் உள்ளங்கையை வைத்திருந்தான். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போதெல்லாம் அவன் விரல் முட்டிதான் கண்ணாடியில் இடித்தது. அவன் கையை எடுக்கவில்லை. தன்னை யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்க்கவில்லை.

ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். அவருக்கே தெரியாமல் குரலும் இறங்கிவிட்டது.

"கைய எடுத்துடாதீங்க தம்பி. வேகத்தடை வருது."

பையன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல பெரியவங்களக் கூட்டிட்டு வாங்க."

வழக்கம்போல ஒரு நீண்ட மௌனம். இந்த முறை அவர் கண்ணாடியில் பார்த்தார். பையன் இன்னொரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.