கரையைப் பார்த்த நாற்காலி

“உனக்கு என்ன பாக்கணும்னு ஆசை?” என்று பூர்ணிமா ஒருமுறை லினெட்டிடம் கேட்டாள்.

இருபது வயதுவரை அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சாப்பிட்டியா, வலிக்குதா, மாத்திரை போட்டியா என்றுதான் கேட்பார்கள். பிறவியிலேயே முதுகுத்தண்டில் கோளாறு. கால் ஊன்றாது, கழுத்தும் ஓரளவுக்குமேல் திரும்பாது. படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

லினெட் மடியைப் பார்த்தபடி, “ஓங்கல்” என்றாள். பூர்ணிமாவுக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், “டால்பின்க்கா” என்றாள்.

குருசுக்குப்பத்தில் அவர்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் மணலில் சக்கரம் உருளாது. அப்பா சூசைநாதன் முப்பது வருடமாகக் கடலுக்குப் போகிறவர். வலையை உதறிப் போட்டுவிட்டு வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அன்று பார்த்ததையெல்லாம் சொல்வார். “ஓங்கல் எகிறுச்சி பாரு பாப்பா, எண்ணெ தேச்சிக் குளிச்சவன் முதுகாட்டம் மின்னுது. மூச்சு வுட்டுச்சின்னா குக்கர் விசிலுக்கு முன்னாடி புஸ்ஸுங்குமே, அந்த மாதிரி.” நன்றாகத்தான் சொல்வார். ஆனால் லினெட்டுக்குத் தெரிந்த கடல் முழுவதும் அப்பாவின் வாய் வழியாக வந்தது. ஒரே ஒரு தடவை, யாரும் சொல்லாமல், தன் கண்ணாலேயே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு.

நடக்க முடியாதவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்ப் பறவையும் டால்பினும் காட்டுவதற்கென்றே பூர்ணிமா ஒரு படகை மாற்றிக் கட்டியிருந்தாள். நாற்காலி அப்படியே ஏறுவதற்குச் சரிவுப் பலகை. முன்பக்கம் கம்பியைத் தாழ்த்தி, சக்கரங்களைப் பிடித்துக்கொள்ள இரும்புக் கொண்டிகள். பிப்ரவரியில் கடல் தணிந்திருந்த ஒரு காலை, நோணாங்குப்பத்து ஆற்றுத்துறையிலிருந்து வெள்ளோட்டம். இரண்டு சக்கர நாற்காலிகள், கைத்தடி ஊன்றியவர்கள் நாலு பேர், துணைக்கு வந்தவர்கள். லினெட்டுக்குத் துணை அப்பா.

“விஜயராகவன் சார், தடிய உள்ள வையுங்க. தூண்டில்னு நெனச்சி மீனு இழுத்துக்கினு பூடப் போவுது” என்றார் படகோட்டி அம்மாவாசை.

“இழுத்தா இழுக்கட்டும்யா. இந்த முட்டிய சேத்து இழுத்துக்கினு போனா நல்லாருக்கும்.”

எல்லோரும் சிரித்தார்கள். லினெட்டும் சிரித்தாள், வாயை மூடிக்கொண்டு.

ஆலையில் வேலை பார்த்து இடுப்பொடிந்த சாமிக்கண்ணுவின் நாற்காலியை முன்பக்கம் கொண்டியில் மாட்டினார்கள். அடுத்த கொண்டி லினெட்டுக்கு. சூசைநாதன் குனிந்து அதை ஆட்டிப் பார்த்தார்.

“இத நம்பியா புள்ளைய ஒக்கார வைக்கறது? மொகத்துவாரத்துல ஒரு தூக்கு தூக்கும். அப்ப தெரியும்.”

“அண்ணே, டெஸ்ட் பண்ணிதான் போட்ருக்கோம்” என்றாள் பூர்ணிமா.

“மேடம், நீங்க தண்ணிய கொழாயில பாத்தவங்க. நான் கடல பாத்தவன்.”

அவர் நாற்காலியைப் படகின் நடுவே தள்ளிப்போனார். கூரையைத் தாங்கும் தூணோடு சேர்த்து, தோளில் கொண்டுவந்திருந்த வலைக்கயிற்றால் கட்டினார். பின்பக்கம் பார்க்கத் திருப்பிவைத்துக் கட்டினார். முதன்முதலாகக் கடலேறுகிறவர்களைக் கரையைப் பார்க்க உட்காரவைப்பது அவர் படகில் வழக்கம். கண் கரையைப் பிடித்திருந்தால் குமட்டாது. ஒவ்வொரு முடிச்சையும் கடல்காரனின் கையால் மும்மூன்றாக இறுக்கினார்.

“கரைய வுட்டு கண்ண எடுக்காத பாப்பா. ஒண்ணும் ஆவாது.”

அந்தப் பக்கம் திருப்புப்பா என்ற மூன்று வார்த்தை லினெட்டின் தொண்டைவரை வந்தது. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவள் தலையை ஆட்டினாள்.

படகு கிளம்பியது. மற்றவர்கள் பார்த்து முடித்ததெல்லாம் அவளுக்கு வந்தது. “கொக்கு, கொக்கு!” என்று முன்னால் கத்தினார்கள்; கொஞ்சம் கழித்து, பறந்துபோகும் கொக்கின் வால்பக்கம் அவளுக்குத் தெரிந்தது. செம்பருந்து ஒன்று மீனோடு தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போனது. முகத்துவாரத்தில் படகு தூக்கிப் போட்டது. பிறகு கடல். சவுக்குத் தோப்பு, மணல், வடக்கே வெளுத்துத் தெரிந்த கலங்கரை விளக்கம். அப்பா சொன்னபடி குமட்டவில்லை.

ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. அம்மாவாசை எஞ்சினை நிறுத்தினார். அப்போது முன்பக்கத்திலிருந்து ஒரு விசில். ஓங்கலைத் தேடி முன்னால் போய் நின்றிருந்த அப்பாவின் விசில்.

“தோ! தோ எகிறுது பாரு!”

எல்லோரும் முன்னால் ஓடினார்கள். தடி ஊன்றியவர்களும் தடியைப் போட்டுவிட்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு போனார்கள். “ஒரே பக்கம் சாயாதீங்க!” என்று அம்மாவாசை கத்தியது யார் காதிலும் விழவில்லை. “ரெண்டு! ரெண்டு!” என்று யாரோ எண்ணினார்கள். சாமிக்கண்ணு குழந்தை மாதிரி விம்மியது கேட்டது. லினெட் கழுத்தைத் திருப்பினாள். அது திரும்புகிற மட்டும் திரும்பி நின்றது. கண்ணின் ஓரத்தில் வரிசையாக முதுகுகள். நடுவில் அப்பாவின் நீலச் சட்டை, குதித்துக்கொண்டிருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தபோது முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது. ஓடிவந்து முடிச்சில் கைவைத்தார். முதல் முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்தார்.

“கத்தி! யார்கிட்டனா கத்தி கீதா?”

உல்லாசப் படகில் யார் கத்தி கொண்டுவருவார்கள்? இரண்டாவது முடிச்சு அவிழும்போது முன்னால் சத்தம் அடங்கியிருந்தது. நாற்காலியை அவர் ஒருவழியாகத் திருப்பியபோது கடல் தட்டையாக இருந்தது. இன்னும் அரை மணி நேரம் நின்று பார்த்தார்கள். செல்வாம்பாள் என்ற அம்மாள் தன் போனைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். “இந்தா கண்ணு, வீடியோவுல பாரு.” வெயிலில் திரையில் ஒன்றும் தெரியவில்லை. “நல்லாருக்குங்க” என்றாள் லினெட்.

திரும்பி வரும் வழியெல்லாம் சூசைநாதன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உட்காரவில்லை.

நோணாங்குப்பத்தில் இறங்கியதும் பூர்ணிமா ஒவ்வொருவரிடமும் போனை நீட்டி, பதிவுக்காகப் பேச வைத்தாள். முன்பக்கம் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள். பின்னால் நடந்தது எதுவும் தெரியாது; அவள் திரும்பியபோது லினெட்டின் நாற்காலி கடலைப் பார்த்திருந்தது. கடைசியாக லினெட்டிடம் வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லு லினெட். நீ கேட்டத பாத்துட்டியா?”

இரண்டடி தள்ளி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கை நின்றது.

“பாத்தேன்க்கா.”

“எத்தினி?”

“ரெண்டு.”

“எப்டி இருந்துச்சி?”

லினெட் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. “எண்ணெ தேச்சிக் குளிச்சவங்க முதுகாட்டம் மின்னுச்சி. மூச்சு வுட்டப்ப... குக்கர் விசிலுக்கு முன்னாடி புஸ்ஸுங்குமே, அந்த மாதிரி.”

“அடடா!” என்றாள் பூர்ணிமா. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

சூசைநாதன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதி சுருட்டிய கயிற்றைத் தோளில் போட்டார். மீதி தரையில் இழுபட்டது. வீட்டில் விட வந்திருந்த வேனின் கதவைத் திறந்துவைத்து, “வாங்கண்ணே, ஏறுங்க” என்று டிரைவர் கூப்பிட்டார். சூசைநாதன் வேனைத் தாண்டி, கடலூர் சாலைப் பக்கம் நடந்து போனார்.